நெல்லை மாநகரத்துத் தெருவிழாக்கள்: தேர்வடமும் தெருச்சப்பரமும்

விழாவினைப் பழந்தமிழ்ச் சான்றோர் விழவு என்றும் சாறு என்றும் வழங்கினர். அவர்தம் பாடல்களில் விழா என்பது பெரும்பாலும் ஊரின் விழாவே. தனி ஒருவர் இல்லத்து நிகழ்ச்சி அன்று. காவிரிப்பூம்பட்டினத்து இந்திரவிழாவினைச் சிலப்பதிகாரமும் மணிமேகலையும் விரித்துரைத்தலை அறிவோம். இருபத்தெட்டு நாள் நிகழும் அவ்விழாவினை முரசறைந்து அறிவிப்போன் கூறும் செய்திகளை மணிமேகலையின் விழாவறை காதை தொகுத்துத் தருகின்றது. தெருக்களில் புதுமணல் பரப்புக, கமுகும் வாழையும் கரும்பும் நடுக, சமயவாதிகள் முறையறிந்து பட்டிமண்டபம் ஏறுக என்றெல்லாம் கூறிவரும் அவன், பகைவரைக் காணினும் சினமும் கலகமும் விளைக்காது விலகிப் போமின் என்றும் கூறுகின்றான். இவ்விறுதிக் கட்டளையை நம் உரையாளர் பலர் ஓர் அறிவுரையாக மட்டும் கொண்டு கடந்து போயினர். எமக்கோ அக்காதையின் உயிர்நிலை அதுவே எனத் தோன்றுகிறது. விழாநாளில் எல்லாரும் ஒரே தெருவிற்கு வருகின்றனர். தெரு யாருக்குரியது என்னும் வினாவும் அன்றே எழுகின்றது. பூசலுக்கு இடமில்லாத விழாவாயின் பூசலை விலக்க முரசு வேண்டுவதில்லை.

இவ்வினாவைத் திருநெல்வேலி மாநகரின் இருபெரு விழாக்களை வைத்து ஆராய்தல் இக்கட்டுரையின் நோக்கமாகும். ஒன்று, நெல்லையப்பர் கோயிலின் ஆனித் தேரோட்டம். மற்றொன்று, பாளையங்கோட்டைத் தசராவில் அம்மன் சப்பரங்கள் கூடும் கூட்டம். முன்னதை வரலாறுடைய விழா என்றும், பின்னதை மைசூரைப் பார்த்துச் செய்த விழா என்றும் பிரித்துப் பேசும் வழக்கம் உண்டு. இப்பகுப்புப் பொருந்தாது என்பது எம் கருத்து.

இடத்தின் அமைப்பினை முதற்கண் நினைவுகூர்தல் நலம். பொருநை எனப் பழநூல்களும் தாமிரபரணி என இக்காலத்தாரும் வழங்கும் ஆற்றின் மேல்கரையில், சற்று உள்வாங்கி, நெல்லையப்பர் கோயிலைச் சூழ்ந்து அமைந்தது திருநெல்வேலி நகர். மக்கள் வழக்கில் 'டவுன்'. கீழ்கரையில் கோட்டையைச் சூழ்ந்து வளர்ந்தது பாளையங்கோட்டை. இரண்டிற்கும் இடையே ஆற்றைக் கடத்தற்கு நிலையான பாலம் 1843-ஆம் ஆண்டு அமைந்தது. தம் கைப்பொருளை ஈந்து அதனைக் கட்டுவித்த சுலோசன முதலியார் பெயராலேயே அது இன்றும் வழங்குகின்றது. 1994-ஆம் ஆண்டு திருநெல்வேலி, பாளையங்கோட்டை, மேலப்பாளையம் ஆகிய நகராட்சிகள் ஒரே மாநகராட்சியாயின. ஆட்சி ஒன்றாயிற்றே அன்றி விழாக்கள் ஒன்றாகவில்லை. அவரவர் பகுதியின் விழா அவரவர் பகுதியிலேயே நிகழ்ந்து வருகின்றது.

திருநெல்வேலிக்கு விழாவூர் என்னும் சிறப்பு புதிதன்று. ஏழாம் நூற்றாண்டினராகிய திருஞானசம்பந்தர் தம் பதிகத்துள் இவ்வூரை விழாக்கள் மலிந்த ஊராகவே பாடினார். கோயிலோ அப்பர்க்கு ஒன்றும் அம்மைக்கு ஒன்றுமாக இரட்டையாய் அமைந்தது. இரண்டையும் இணைக்கும் சங்கிலி மண்டபத்தை 1647-ஆம் ஆண்டில் எழுப்பியவராகச் சொல்லப்படும் வடமலையப்ப பிள்ளையன், மதுரை நாயக்கர்க்குரிய ஆட்சித் தலைவர். மச்ச புராணத்தைத் தமிழிற் பாடிய புலவருமாவார். கோயிலைச் சூழ்ந்து நான்கு ரதவீதிகள். அவை சந்திக்கும் மூலைகளையும் அவற்றையொட்டிய தெருமுனைகளையும் இவ்வூரார் 'முக்கு' என்பர். வாகையடி முக்கு, சந்திப்பிள்ளையார் முக்கு என்று வழிசொல்லும் வழக்கினைக் கேட்டோர், இந்நகரின் திசையறிவே தெய்வங்களையும் தேரின் திருப்பங்களையும் பற்றி நிற்பதனை உணர்வர்.

ஆனிப் பெருந்திருவிழா கொடியேற்றத்தோடு தொடங்கிப் பத்து நாள் நிகழ்வது. ஒன்பதாம் நாள் தேரோட்டம். விநாயகர், முருகன், நெல்லையப்பர், காந்திமதியம்மை, சண்டிகேசுவரர் என ஐந்து தேர்கள் ஓடும். நெல்லையப்பர் தேர் 450 டன் எடையுடையது என்பர். எந்திரத் துணையின்றி மக்கள் கைகளாலேயே இழுக்கப்படுவது என்பது ஊரார்தம் பெருமை.

இத்தேரோட்டத்தின் ஆண்டுக்கணக்குப் பற்றி ஒன்று கூறவேண்டியுள்ளது. 1505-ஆம் ஆண்டு முதல் தேரோடி வருகின்றது என்பது வழங்கிவரும் மரபு. 2024-ஆம் ஆண்டு சூன் 21-ஆம் நாள் ஓடியதனை 518-ஆவது தேரோட்டம் என அறிவித்தனர். 1505-ஐ முதலாவதாகக் கொண்டு ஆண்டுதோறும் எண்ணினால் 2024-இல் வருவது 520. குறையும் இரண்டும் எவை? கொள்ளைநோய் காரணமாகத் தேர் வீதிக்கு வாராத 2020, 2021 ஆகிய ஆண்டுகளே எனக் கொள்ளின் கணக்குச் சரியாகும். எனவே இடையறவு இரண்டே என்று இக்கணக்கு கருதுகின்றது. 1755 முதல் 1764 வரை பூலித்தேவரும் கான்சாகிபும் ஆர்க்காட்டு நவாபின் படைகளும் கும்பெனியாரும் இந்நாட்டில் மாறிமாறிப் போரிட்ட ஆண்டுகளையும், 1801-ஆம் ஆண்டின் பாஞ்சாலங்குறிச்சிப் போரையும் அது தடையாகக் கொள்ளவில்லை. அவ்வாண்டுகளிலெல்லாம் தேர் ஓடியிருத்தல் கூடும். ஆயினும் எண்ணால் வந்த முடிவு வேறு. ஏட்டால் வந்த முடிவு வேறு. 518 என்பது ஊரின் நம்பிக்கையை உணர்த்தும் எண்ணாகும். அதனைக் கல்வெட்டுச் சான்று போல் ஆய்வேடுகளில் எடுத்தாளுதல் தகாது. இளம் ஆராய்ச்சியாளர் இதனைக் கருத்திற் கொள்ள வேண்டுகிறோம்.

அவ்வாண்டு வேறொன்றும் நிகழ்ந்தது. நெல்லையப்பர் தேரின் வடங்கள் பலமுறை அறுந்தன, தேர் தெருவில் நின்றது, கண்டோர் கலங்கினர். தீக்குறி என்றாரும் உளர். அது எம் ஆராய்ச்சிக்கு அப்பாற்பட்டது. ஆனால் தேரின் இயக்கத்தை எண்ணிப் பார்த்தற்கு அந்நிகழ்ச்சி துணைசெய்கின்றது. முன்னே வடம் பிடிப்போர் ஆயிரக்கணக்கினர். பின்னே தடி போட்டு நெம்புவோர் சிலர். சக்கரத்தின்கீழ்ச் சறுக்குக்கட்டை இட்டுத் திசை திருப்புவோர் மிகச் சிலர். தடியும் கட்டையும் பழக்கமுடையோர் கையில் மட்டுமே இருத்தற்குரியன. வடம் அங்ஙனமன்று, பிடித்தவர் எவர்க்கும் அதில் இடமுண்டு. கருவறைக்குள் நுழைய ஒருவர்க்கு உரிமை வேண்டும். மண்டகப்படி நடத்தக் கட்டளை வேண்டும். வடம் பிடிக்க இரண்டு கைகள் போதும்.

போதுமா? இங்கேதான் மணிமேகலையின் முரசு மீண்டும் ஒலிக்கின்றது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் இப்பக்கத்துத் தேர்வீதிகள் அமைதியாக இருந்தில. அந்நாளைய திருநெல்வேலி மாவட்டத்துக் கழுகுமலையில் 1895-ஆம் ஆண்டு, தேர்வீதி பற்றி எழுந்த பூசல் உயிர்க்கொலையில் முடிந்தது. நாடார் பெருமக்கள் 1897-இல் கமுதிக் கோயிலுள் புகுந்து வழிபட்டமை வழக்காகிப் பிரிவி கவுன்சில் வரை சென்று, 1908-இல் அவர்க்கு எதிராகத் தீர்ந்தது. இடையே 1899-இல் சிவகாசிக் கலகம். இவையெல்லாம் யார் எத்தெருவில் நடக்கலாம், எவ்வாயிலில் புகலாம் என்னும் ஒரே வினாவின் பல வடிவங்கள். 1939-ஆம் ஆண்டுச் சட்டமும் 1947-ஆம் ஆண்டுச் சட்டமும் கோயில் வாயிலைத் திறந்தன. எனினும் சட்டத்தால் எல்லாம் தீர்ந்துவிடவில்லை. அண்மை ஆண்டுகளில் தேரோட்டத்தின்போது சாதியைக் காட்டும் கொடியும் கைப்பட்டையும் முழக்கமும் கூடாவெனக் காவல்துறையினர் அறிவிப்பு விடுகின்றனர். யானையெருத்தத்து முரசுக்கு ஈடாக ஒலிபெருக்கி வந்துள்ளது. சொல்லப்படும் செய்தி மாறவில்லை.

இனி ஆற்றைக் கடந்து பாளையங்கோட்டைக்குச் செல்வோம். இங்கு ஊரின் நடுவே பெருங்கோயில் ஒன்று நின்று தெருக்களை வகுக்கவில்லை. வகுத்தது கோட்டை. 1801-ஆம் ஆண்டு பிப்பிரவரித் திங்களில் ஊமைத்துரையும் அவர்தம் தோழரும் தப்பிச் சென்ற சிறை இங்கிருந்ததே. படைவீரரும், அவர்க்குப் பண்டம் விற்போரும், தொழில் செய்வோரும், பின்னர்ப் பள்ளிகளும் அலுவலகங்களும் என வந்து குடியேறியோரால் நிறைந்த ஊர் இது. அத்தகைய ஊரின் விழா எவ்வாறிருக்கும்? பல தெருக்களிலிருந்தும் பல அம்மன்கள் புறப்பட்டு ஓரிடத்திற் கூடும் விழாவாக இருக்கும். அவ்வாறே உள்ளது.

புரட்டாசி நவராத்திரியில் ஆயிரத்தம்மன் முதலாகப் பன்னிரண்டு அம்மன் கோயில்களில் கொலு நிகழ்ந்து, விசயதசமி இரவில் அம்மன்கள் மின்விளக்கு அணிசெய்த சப்பரங்களில் எழுந்தருளித் தெருக்களை வலம்வருவர். இறுதியில் சப்பரங்கள் அணிவகுத்து நிற்க, எருமைக்கிடா மைதானத்தில் மகிடாசுர வதம் நிகழும். மகிடம் என்னும் வடசொல்லை மேடையில் வைத்துக்கொண்டு, மைதானத்திற்கு மட்டும் 'எருமைக்கிடா' என்று பெயரிட்ட மக்களின் துணிவு பாராட்டத்தக்கது.

இவ்விழாவின் வரலாற்றினைத் தேடுவோர்க்குக் கல்வெட்டு உதவாது. ஆயினும் அம்மன்களின் பெயர்களே கல்வெட்டுப் போல் நிற்கின்றன. வடக்கு முத்தாரம்மன், தெற்கு முத்தாரம்மன். யாதவர் உச்சினிமாகாளி, விசுவகர்மா உச்சினிமாகாளி, கிழக்கு உச்சினிமாகாளி. உலகம்மன், புது உலகம்மன். தூத்துவாரி அம்மன், முப்பிடாதி அம்மன் என அடையின்றி நிற்பனவும் உள. தெய்வப் பெயர் ஒன்றாக, முன்னே வரும் அடைமொழி மட்டும் வேறுபடுதலைக் காண்க. இவ்வடைகளுள் ஒன்றேனும் புராணத்திலிருந்து வந்ததன்று. சில திசையால் வந்தன. சில குடியால் வந்தன. ஒன்று காலத்தால் வந்தது. 'புது' என்னும் அடை, முன்னரே ஓர் உலகம்மன் இருந்தாள் என்பதனையும், பின்வந்தோர் தமக்கெனத் தனியே ஒரு கோயில் வேண்டினர் என்பதனையும் ஒருசேர உணர்த்துகின்றது. வடக்கு, தெற்கு என்பன, ஒரே தெய்வத்தை வணங்கிய இரு தெருவார் இரு சப்பரம் எடுத்தமைக்குச் சான்று. பேராசிரியர் ரா. பி. சேதுப்பிள்ளை அவர்கள் 1946-இல் வெளியிட்ட 'ஊரும் பேரும்' என்னும் நூலில் ஊர்ப்பெயர்களைக் கொண்டு வரலாறு காணும் நெறியைத் தமிழுலகிற்குக் காட்டினார்கள். அவர்கள் இப்பொருநைக் கரையில் உள்ள இராசவல்லிபுரத்திற் பிறந்தவர்கள். அந்நெறியினை ஊரிலிருந்து தெருவிற்குக் கொண்டுசென்றால் இத்தகைய சான்றுகள் கிட்டும்.

மைசூரைப் பார்த்துச் செய்த விழா என்னும் கூற்றினை இச்சான்றோடு வைத்து நோக்குக. நவராத்திரி என்பது விசயநகரத்து மகாநவமி முதல் அரசர் விழாவாகவே வளர்ந்தது. மதுரை நாயக்கர் அதனைக் கொண்டனர். திருமலை நாயக்கர்க்குப் போரில் உதவிய இரகுநாத சேதுபதி, இவ்விழாவினை இராமநாதபுரத்தில் நடத்தும் உரிமையினைப் பரிசாகப் பெற்றார் என்பது வரலாறு. அரசுரிமையின் அடையாளமாகக் கருதப்பட்டமையாலன்றோ அது பரிசாக வழங்கப்பட்டது? மைசூரிலும் அரசனே நடுநாயகமாக இருந்தான். யானையும் படையும் அவனைச் சூழ்ந்து வந்தன. பாளையங்கோட்டையில் நடுநாயகம் யார்? ஒருவருமில்லை. அரசன் அமரவேண்டிய இடத்தில் ஒரு வெட்டவெளி மைதானம் உள்ளது. பன்னிரு சப்பரங்களும் அங்கு வந்து நிற்கின்றன. ஆயிரத்தம்மனுக்கு முதன்மை உண்டு. அது மூத்தாளுக்குரிய முதன்மையே அன்றி அரசிக்குரியது அன்று. ஆதலின் நாளும் கதையும் பிற இடங்களோடு பொதுவாயினும், விழாவின் அமைப்பு இவ்வூர்த் தெருக்களால் ஆயது எனத் துணியலாம்.

இதற்கு ஒரு மறுப்பு எழும். குடிப்பெயரை அடையாகக் கொண்ட அம்மன்கள் ஒற்றுமைக்கு அடையாளமா, பிரிவினைக்கு அடையாளமா என்று வினவுவர். நேர்மையான வினா. இதற்கு விடையாக அவ்விழாவினை வெறும் ஒற்றுமை விழாவெனப் புகழ்தல் எம்மால் இயலாது. யாதவர்க்கும் விசுவகர்மர்க்கும் தனித்தனியே உச்சினிமாகாளி இருத்தல், ஒருகாலத்தில் ஒரே கோயிலில் ஒன்றாக நிற்றல் எளிதாக இருந்திலது என்பதையே காட்டும். தேர்வடத்தில் கலக்கும் கைகளுக்குப் பெயரில்லை. சப்பரத்திலோ பெயர் மறையாது, முன்னே எழுதப்பட்டே வரும். ஆனால் மற்றொன்றும் நோக்கவேண்டும். ஒரு தேரின் உரிமையில் ஒருவர்க்கு இடமில்லையாயின் அவர் வெளியே நிற்கவேண்டும்; கழுகுமலையின் பாடம் அது. சப்பர விழாவில் இடமில்லாதவர் மற்றொரு சப்பரம் எடுக்கலாம். 'புது' என்னும் அடை அவ்வாறு வந்ததாகவே யாம் கருதுகின்றோம். பெயரைத் துறந்து கூடுதல் ஒருவகை. பெயரோடு வந்து கூடுதல் மற்றொரு வகை. எதனை உயர்ந்ததெனக் கொள்வது என்பதில் எம்முள்ளேயே கருத்து வேறுபாடு உண்டு.

வண்ணார்பேட்டைப் பேராத்துச்செல்வி அம்மனைத் தனியே கூறவேண்டும். ஆற்றங்கரையில் இருப்பவள் இவள். பேராறு என்பது உருபேற்கும்போது பேராற்று என நின்று, பேச்சு வழக்கில் பேராத்து ஆயிற்று. காற்று காத்து ஆனாற் போல. செல்வி என்பதோ கொற்றவைக்குச் சங்கச் சான்றோர் வழங்கிய பெயர். காட்டோடு சேர்த்தும் கடலோடு சேர்த்தும் அவளைச் செல்வி என்றனர். இங்கு ஆற்றோடு சேர்ந்தாள். பொருநையைப் 'பேராறு' என்று பெயர் கூறாது சுட்டிய ஒரு பழவழக்கு, புலவர் நாவில் அன்றித் தெருவார் நாவில் தங்கியிருத்தல் மொழியாராய்ச்சியாளர்க்கு உவகை தரும் செய்தியாகும்.

இதே வண்ணார்பேட்டையில்தான் டி. கே. சிதம்பரநாத முதலியார் அவர்கள் (1882–1954) இல்லத்து வட்டத்தொட்டி நிகழ்ந்தது. வட்டமான தொட்டிக்கட்டில் ஞாயிறுதோறும் அன்பர் கூடிக் கம்பனைச் சுவைத்த அவை அது. பின்னர்க் குற்றாலத்திலும் தொடர்ந்தது. கம்பன் பாடல்களை அவர் திருத்தியும் நீக்கியும் பதிப்பித்த முறையைத் தமிழறிஞர் பலர் ஏற்றிலர், யாமும் ஏற்கவில்லை. ஆயினும் அழைப்பிதழும் தலைவரும் தீர்மானமும் இன்றி ஒரு பேட்டையில் கூடிய இலக்கிய அவையென்னும் வகையில், பேராத்துச்செல்வியின் கொடைக்கும் அதற்கும் உறவு உண்டு. இரண்டும் அரசு ஆணையால் நிகழ்ந்தன அல்ல.

கிறித்தவர் வழக்கிலும் தெருவாரின் பெயரிடும் உரிமை இவ்வாறே தோன்றுகின்றது. மராட்டிய அந்தணப் பெண்மணியாகிய கிளாரிந்தா பாளையங்கோட்டையிற் கட்டுவித்த சிற்றாலயத்தை 1785-ஆம் ஆண்டு சுவார்ட்சு ஐயர் படைத்தார். மக்கள் அதனைப் 'பாப்பாத்தி அம்மாள் கோயில்' என்றே அழைத்தனர். கட்டியவளை மறவாது, தமக்குத் தெரிந்த சொல்லால் குறித்தனர்.

அம்மன் கோயில்களின் கொடைவிழா பற்றிச் சிறிது கூறி அமைவோம். கொடை என்பது ஈகை. இங்கு அது விழாவிற்கே பெயராயிற்று. ஈவது மக்கள், ஏற்பது தெய்வம் என்று பொருள்படும் இப்பெயர் தென்பாண்டி நாட்டிற்குச் சிறப்பாக உரியது. கால்நாட்டி, குடியழைத்து, செவ்வாய்க்கிழமையில் கொடை நிகழும். வில்லும் குடமும் உடுக்கும் கொண்டு வில்லிசைப் புலவர் அம்மனின் கதையைப் பாடுவர். கணியான் கூத்தினர் மகுடம் முழக்கிப் பாடுவர். நகரத் தெருக்களில் இக்காலத்து மெல்லிசைக் குழுக்கள் வில்லிசையின் நேரத்தைப் பெரிதும் கவர்ந்துகொண்டன. பேராசிரியர் நா. வானமாமலை அவர்கள் பாளையங்கோட்டையில் இருந்துகொண்டு, 1967-இல் நெல்லை ஆய்வுக்குழுவை நிறுவியும், 1969-இல் 'ஆராய்ச்சி' இதழைத் தொடங்கியும், கதைப்பாடல்களைப் பதிப்பித்தும் செய்த பணி இல்லையேல், அவற்றுட் பல அழிந்தே போயிருக்கும்.

பாடல்கள் ஓரளவு தப்பின. விழாவின் கணக்கேடுகள் தப்பவில்லை. ஒவ்வோர் அம்மன் கோயிலுக்கும் வரிதாரர் உண்டு. தலைக்கட்டு ஒன்றுக்கு இவ்வளவு என வரி பிரித்து, பெயர் எழுதி, விழா முடிந்தபின் வரவு செலவு வாசிப்பர். அவ்வேட்டில் பெயர் இருத்தலே தெருவில் ஒருவர்க்குள்ள உரிமைக்குச் சான்று. பெயர் நீக்கப்படுதல் பெருந்தண்டனை. யார் எப்போது சேர்ந்தார், யார் பிரிந்தார், 'புது' என்னும் அடை எந்த ஆண்டில் வந்தது என்பன அவ்வேடுகளில் இருத்தற்குரியன. விழா அறிவிப்புத் தாள்களும் அத்தகையன. இவற்றைப் பழைய தாள் வணிகர்க்கு நிறுத்துக் கொடுத்துவிடுவதே பெருவழக்கு. கோயில் ஓலைகளைத் தேடும் நம் துறை மாணவர், இவ்வரிப்புத்தகங்களைத் தேடித் தெருத்தெருவாகச் சென்று படியெடுத்தல் வேண்டும். ஆனித் தேரின் 518-ஐப் போலன்றி, சப்பரத்தின் ஆண்டுகளை ஏடுகொண்டே எண்ண அப்போது இயலும்.

அதற்கு முன்னரே தொடங்கத்தக்க பணி ஒன்று உண்டு. வடக்கு முத்தாரம்மன் எதற்கு வடக்கு? தெற்கு முத்தாரம்மன் எதற்குத் தெற்கு? பெயரிட்டவர்க்கு நடு எதுவென்று தெரிந்திருந்தது; ஆகவே அவர் அதனைச் சொல்லவில்லை. கோட்டை மதிலின் பெரும்பகுதி இன்று இல்லை. பழைய கோட்டைப் படத்தையும் நில அளவைப் படத்தையும் எடுத்து, பன்னிரு கோயில்களையும் அதன்மேற் குறித்து, சப்பரங்கள் செல்லும் வழியைக் கோடிட்டுப் பார்த்தல் வேண்டும்.